மறைவான விண்ணப்பம்

பொறுமைபுரத்தில் ஒரு பெண்ணின் குரல் இன்னொரு பெண்ணின் தொண்டைக்குக் குடிபோன வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான லெந்து காலம் சீக்கிரமே பிறந்துவிட்டது, பனைகளில் அப்போதுதான் பதநீர் இறங்க ஆரம்பித்திருந்தது, தேரி மணல்மேடுகளிலிருந்து கிளம்பிய செம்புழுதி கோயில் பெஞ்சுகளின் மேல் துடைக்கத் துடைக்கப் படிந்துகொண்டிருந்தது, அதனால் அந்த அதிசயத்தை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை, அவரவருக்கு வேலை கிடந்தது. ஊருக்குப் பொறுமைபுரம் என்று பேர் வைத்தது ஒரு வெள்ளைக்கார ஐயர், பாதிரியாரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வைத்தாரா, எல்லாம் தெரிந்து ஒரு வேண்டுதலாக வைத்தாரா என்பது இன்றுவரை தீராத பேச்சு.

குரலைப் பெற்றுக்கொண்டவள் பேர் ஞானப்பூ. அவள் கணவர் பொன்னுத்துரை கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்தார், மகன் பெங்களூரில் இருந்தான், ஆனால் ஊரில் யாரும் அவளைக் கருப்பட்டிக் கடைக்காரர் மனைவி என்று சொல்வதில்லை, பெரிய வெள்ளிக்கிழமைப் பாட்டுக்காரி என்றுதான் சொல்வார்கள். அன்றைக்கு மத்தியான ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஆறாவது வார்த்தைக்கான பிரசங்கம் முடிந்ததும் ஆர்கன் நின்றுவிடும், மின்விசிறிகளையும் நிறுத்திவிடுவார்கள், வியர்வையும் மௌனமுமாகச் சபை உட்கார்ந்திருக்க, ஞானப்பூ வெள்ளைச் சேலையில் எழுந்து நின்று துணைக்கு ஒரு வாத்தியமும் இல்லாமல் அந்தத் தனிப்பாட்டைப் பாடுவாள். வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பிகள் அந்தப் பாட்டு முடியும்வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சேர்ந்து அழுதுவிட்டு, வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி பேசாமல் போவார்கள். கல்யாணம் ஆகி வந்த வருஷத்திலிருந்து அவள்தான் பாடினாள், வேறு யாரும் பாடலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

அவள் நல்லவள். இதை இப்போதே சொல்லிவிட வேண்டும், இனிமேல் வருவதைக் கேட்டு நீங்கள் வேறு மாதிரி நினைத்துவிடக்கூடாது. சாவு வீட்டுக்கு முதல் ஆளாகக் கருப்பட்டிக் காப்பியோடு போகிறவள் அவள்தான். பிரசவமான வீட்டுக்கு யாரும் கேட்காமலே உளுந்தங்களி கிண்டிக் கொண்டுபோவாள். யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அன்றைக்குச் சாயங்காலம் தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபம் பண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

அடுத்த வீட்டுத் தங்கபுஷ்பம் தன் மகனுக்கு நாகர்கோவில் பக்கத்தில் பெண் எடுத்திருந்தாள். மகன் ஜெபசிங் மஸ்கட்டில் வேலை பார்த்தான். மருமகள் ஷெர்லின் தாய்வீட்டில் பெண்பிள்ளை பெற்று, கைக்குழந்தையோடு பொறுமைபுரத்துக்கு வந்து சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் போய் நின்றாள். அவள் பாடியபோது, வெயிலில் வெகுதூரம் நடந்து வந்தவனுக்கு யாரோ ஒரு செம்பு பானைத் தண்ணீர் கொடுத்த மாதிரி இருந்தது. ஆர்கன் வாசிக்கிற ராஜமணி சார் அடுத்த அடிக்குக் கையைத் தூக்கியவர், திரும்ப வைக்க மறந்துவிட்டார். குழுவின் முன் பெஞ்சிலிருந்த ஞானப்பூவுக்கு அடிவயிற்றில் ஏதோ ஒன்று ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கிக்கொண்டது.

அதற்குப் பொறாமை என்று அவள் பேர் வைக்கவில்லை. விசுவாசிகளுக்குப் பொறாமை வருவதில்லை, பாரம்தான் வரும். இந்தச் சின்னப் பிள்ளைக்குப் பெருமை வந்துவிடக்கூடாதே என்று அவளுக்குப் பாரமாக இருந்தது, அவள் ராகத்தை இழுக்கிற இழுப்பு ஆராதனைக்கு ஏற்றதுதானா என்று பாரமாக இருந்தது, பிள்ளையைக் கொஞ்சும்போது “மக்களே, மக்களே” என்று அவள் பேசுகிற நாகர்கோவில் பேச்சு மதில் தாண்டி வந்தபோதுகூடப் பாரமாகத்தான் இருந்தது. கோயிலுக்குப் போகும்போதும் வரும்போதும் “தோத்திரம் அத்தை” என்று அந்தப் பெண் சொல்லும், இவள் தலையை மட்டும் அசைத்துவிட்டு நடப்பாள். பாரம் சாப்பிட விடவில்லை. பாரம் ராத்திரியில் புரண்டு படுக்க வைத்தது.

எங்கள் ஊர்ப் பெண்கள் செவ்வாய்க்கிழமை உபவாச ஜெபத்துக்குக் கூடுவார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வாய்விட்டுச் சொல்ல முடியாத காரியம் இருந்தால் எழுந்து, “எனக்கு ஒரு மறைவான விண்ணப்பம் இருக்கு, ஜெபிச்சுக்கோங்க” என்று சொன்னால் போதும். யாரும் என்ன ஏது என்று கேட்கமாட்டார்கள், கேட்டால் அடுத்த வாரம் நம்முடையதைக் கேட்பார்கள் அல்லவா, அதனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லோரும் ஒரே குரலில் ஆமென் சொல்லிவிடுவார்கள். சொல்ல முடியாத நோய்களுக்கும், மகள் வீட்டுத் துயரங்களுக்கும், குடிக்கிற கணவன்களுக்கும் அது நல்ல வழக்கமாகத்தான் இருந்துவந்தது. லெந்து காலம் பிறந்த முதல் செவ்வாய்க்கிழமை ஞானப்பூ எழுந்து நின்று தனக்கு மறைவான விண்ணப்பம் ஒன்று இருப்பதாகச் சொன்னாள். அந்தக் குரல் அவளுக்கு வேண்டாம், எனக்குத் தாரும் என்று மனசுக்குள் கேட்டாள். ஐயரம்மா முதற்கொண்டு, பின்வரிசையில் பிள்ளையை மடியில் போட்டிருந்த ஷெர்லின் உட்பட, எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் ஞானப்பூ அடுப்படியிலிருந்து, “ஏங்க, பால் பொங்குது, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிய” என்று சத்தம் போட்டபோது, முற்றத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்த பொன்னுத்துரை அடுத்த வீட்டு மருமகள் தன் அடுப்படிக்கு எப்போது வந்தாள் என்று பதறி, அவசரமாக வேட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்து பார்த்தார். மனைவிதான் நின்றாள். திட்டு அவளுடையது, குரல் அவளுடையது அல்ல. அதே நேரத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் ஷெர்லின் அழுகிற பிள்ளையைத் தூக்கிச் சமாதானம் சொல்ல வாயைத் திறந்தாள், காற்று மட்டும் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு தொண்டைகளையும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு இரண்டு பேரையும் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். ஐயர் இரண்டு வீட்டுக்கும் வந்து ஜெபம் பண்ணிவிட்டு, இரண்டு வீட்டிலும் காப்பி குடித்துவிட்டுப் போனார். சபைக் கமிட்டி கூடியது. கொடுத்தவர் கர்த்தர், எடுத்தவரும் அவர்தான் என்று ஒருவர் சொல்ல, எடுத்து யாருக்குக் கொடுத்தார் என்பதுதானே கேள்வி என்று இன்னொருவர் சொல்ல, கடைசியில் ராஜமணி சார், குரல் சபைக்குச் சொந்தம், அது இந்தத் தொண்டையில் இருந்தால் என்ன, அந்தத் தொண்டையில் இருந்தால் என்ன, பெரிய வெள்ளிக்கிழமைக்குப் பாட ஆள் இருக்கிறது, அது போதும் என்றார். அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. அனுபவமும் அந்தக் குரலும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் சுற்றுவட்டாரச் சபைகளுக்கெல்லாம் செய்தி சொல்லியாகிவிட்டது, வேன் பிடித்து வருகிறோம் என்று அவர்களும் சொல்லிவிட்டார்கள்.

ஊர் பழகிக்கொண்டது. மீன்காரர்தான் கொஞ்ச நாள் குழம்பினார், ஞானப்பூ கூப்பிட்டால் ஷெர்லின் வாசலில் வண்டியை நிறுத்தினார். பொன்னுத்துரை மனைவி எவ்வளவு இனிமையாகத் திட்டினாலும் பயந்தபடியே இருந்தார். பெங்களூர் மகன் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணியபோது, “நீங்க யாரு? அம்மாட்ட குடுங்க” என்றான். அம்மாதான் பேசுகிறேன் என்று அவள் சொல்லச் சொல்ல அவன் நம்பவில்லை, அப்பாவைக் கூப்பிடச் சொன்னான். அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் கொல்லைப் பக்கம் தனியாக இருக்கும்போது அவள் மெதுவாகப் பாடிப் பார்ப்பாள், அந்த நீண்ட மேல்ஸ்தாயியில் தன் பழைய குரல் பிசிறு தட்டுகிற இடத்தை இந்தக் குரல் சும்மா தாண்டிப் போகும், அவளுக்குச் சிலிர்க்கும். சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

பிள்ளை மட்டும் பழகிக்கொள்ளவில்லை. அதற்கு அம்மா என்றால் முகத்தைவிடக் குரல்தான் முக்கியம், குரல் இல்லாத முகத்திடம் அது பால் குடிக்கவும் மாட்டேன் என்றது, தூங்கவும் மாட்டேன் என்றது. ஒருநாள் சாயங்காலம் தங்கபுஷ்பம் மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

“மைனி, ஒரு எட்டு வந்து பிள்ளைட்ட ரெண்டு வார்த்த பேசிட்டுப் போங்க. தொண்ட வத்தி அழுது.”

ஞானப்பூ போனாள். “ஏ பிள்ள, அழாத” என்றாள். அழுகை நிற்கவில்லை. குரல் சரி, வார்த்தை சரியில்லை என்பது போலப் பிள்ளை சந்தேகத்தோடு பார்த்துவிட்டு மறுபடி தொடங்கியது. ஷெர்லின் அவள் முன்னால் வந்து உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்துக் காட்டினாள். ஞானப்பூவுக்குப் புரிந்தது, ஆனால் வாய் வரவில்லை, இத்தனை நாளும் பொன்னுத்துரையிடம் கேலியாகச் சொல்லிச் சிரித்த வார்த்தை அது.

“மக்களே” என்றாள் கடைசியில்.

பிள்ளை அழுகையை நிறுத்தியது. அன்றிலிருந்து பொறுமைபுரத்தின் பெரிய பாட்டுக்காரி, காலையில் குளிப்பாட்டும்போதும், மத்தியானம் தூங்கப் போடும்போதும், விளக்கு வைக்கிற நேரத்திலும் அடுத்த வீட்டுக்குப் போய், தாய் மடியில் கிடக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மக்களே என்றும் என் பொன்னே என்றும் தாய் உதடு அசைவதைப் பார்த்துப் பார்த்துக் குரல் கொடுத்தாள். கால் மரத்துப்போகும். அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கும். பிள்ளைக்கு அதெல்லாம் தெரியாது, கூப்பிட்டால் வர வேண்டும்.

அப்புறம் போன் வந்தது. வெளிநாட்டில் இருக்கிற பையன், கேட்டால் பயந்துவிடுவான், அவனிடம் ஒன்றும் சொல்லக்கூடாது என்று தங்கபுஷ்பம் முடிவுசெய்திருந்தாள். ஆகவே ஜெபசிங் வீடியோவில் கூப்பிடும்போது ஷெர்லின் முகத்தைக் காட்டி உட்காருவாள், மடியில் மறைத்து வைத்த மாமியாரின் போனில் பதிலைத் தட்டுவாள், படத்தில் விழாதபடி பக்கத்தில் உட்கார்ந்த ஞானப்பூ கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு அதை வாசிப்பாள், ஷெர்லின் வாயசைப்பாள். சினிமாக்காரர்களுக்குக்கூட அவ்வளவு ஒத்துப்போகாது. ஒருமுறை தட்டியிருந்ததைப் பார்த்து ஞானப்பூ முகம் சிவந்து, இதையெல்லாம் நான் சொல்ல மாட்டேன் என்று கையை ஆட்டினாள். தங்கபுஷ்பம் வாசலைப் பார்த்துக்கொண்டு, “சொல்லுங்க மைனி, புள்ள தனியாக் கெடக்கான்” என்றாள். ஞானப்பூ கண்ணை மூடிக்கொண்டு, “ஒரு முத்தம்” என்றாள்.

ஒருநாள் பிள்ளை தாய் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. ஞானப்பூ உள்ளே வந்து தங்கபுஷ்பத்திடம் ஏதோ சொன்னாள். பிள்ளை குடிப்பதை விட்டுவிட்டுத் திரும்பி, குரல் வந்த பக்கமாக இரண்டு கையையும் நீட்டித் துள்ளியது. ஞானப்பூ சிரித்துக்கொண்டே தூக்கிவிட்டாள், தூக்கியபிறகுதான் ஷெர்லினைப் பார்த்தாள். ஷெர்லினும் சிரித்தாள், ஜாக்கெட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து துணி துவைக்கப் போனாள். துவைக்கிற கல்லின் முன்னால் குழாயைத் திறந்துவிட்டுத் துணியைத் தொடாமலே வெகுநேரம் நின்றாள். அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஞானப்பூவுக்குக் கையில் இருந்த பிள்ளை கனத்தது.

அதே வாரம் போனில் ஜெபசிங், சோறு என்ன, குழம்பு என்ன என்றெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, “ஆமா, அந்தப் பாட்டுக்காரம்மா எப்படி இருக்கு? இன்னும் ஒன்னப் பாத்தா மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டுத்தான் போவுதாவளா?” என்றான்.

ஷெர்லின் பதறிப்போனாள். பதில் வராவிட்டால் அவன் இன்னும் ஏதாவது சொல்லிவிடுவான் என்ற அவசரத்தில் மளமளவென்று தட்டினாள். கோயிலில் வேதபாடம் வாசித்துப் பழகிய ஞானப்பூவுக்கு எழுத்து கண்ணில் பட்டால் வாசித்துவிடும் வாய். வாசித்தாள்.

“அப்படிச் சொல்லாதீங்க. எனக்கு நீங்க இருக்கீங்க, பிள்ள இருக்கு. அவங்களுக்கு வருஷத்துல ஒரே ஒரு பாட்டு. அதையும் நான் எடுத்துக்கிட்டா அவங்களுக்கு என்ன இருக்கு? நான் வந்த புதுசுலயே ஐயர் என்னப் பெரிய வெள்ளிக்கிழமைக்குப் பாடச் சொன்னார். மாட்டேன், அத்தைதான் பாடணும்னு சொல்லிட்டேன். அவங்க பாடி நான் கேக்கணும்.”

அவன் சரி சரி என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டான். ஞானப்பூ மிச்சத்தையும் வாசித்து முடித்தாள், வாசிக்காமல் எழுந்துபோனால் படத்தில் வாய் மட்டும் அசையும், அந்தப் பெண் மாட்டிக்கொள்ளும். முடிந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்து அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாள். வந்த புதிதிலேயே என்றால், தான் அந்த விண்ணப்பத்தைக் கேட்பதற்கு முன்னாலேயே. தனக்கென்று ஒருத்தி எடுத்து வைத்திருந்ததை அவளிடமிருந்து பிடுங்கித் தரச்சொல்லி ஜெபித்திருக்கிறாள், அதற்கு அவளையும் ஆமென் சொல்ல வைத்திருக்கிறாள். அழுகை வந்தது. அழுகையும் ஷெர்லினின் குரலில்தான் வந்தது, மதிலுக்கு அந்தப் பக்கம் பிள்ளை அதைக் கேட்டு, அம்மா அழுகிறாள் என்று தானும் அழ ஆரம்பித்தது. சேலையை வாயில் பொத்திக்கொண்டு அழவேண்டியதாயிற்று.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை உபவாச ஜெபத்தில் ஞானப்பூ எழுந்து நின்றாள்.

“எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கு. மறைவானது இல்ல.”

மூடியிருந்த கண்களெல்லாம் திறந்தன. அந்த வழக்கத்தில் இப்படி ஒரு வகை இருப்பதாக யாருக்கும் தெரியாது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள், எந்தச் செவ்வாய்க்கிழமை, எதைக் கேட்டாள், ஏன் கேட்டாள், பாரம் என்று சொன்னது உண்மையில் என்ன என்று ஒன்றையும் விடாமல் சொன்னாள். அந்த அழகான குரலில் அந்த அசிங்கங்களைக் கேட்கச் சிலருக்கு என்னவோ போலிருந்தது.

“நீங்க ஆமென் சொன்னதாலதான் எனக்குக் கெடச்சுது. இப்போ அது அவளுக்கே திரும்பிப் போகணும்னு கேக்கேன். இதுக்கும் ஆமென் சொல்லுங்க.”

 நவமணி என்பவள்தான் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள். “வெள்ளிக்கிழம மட்டும் கழியட்டுமே மைனி. வேன் பிடிச்சி வாராவ. அதுக்குப் பொறவு நாங்களே ஆமென் சொல்லுதோம்.”

நாலைந்து தலைகள் ஆடின. ஞானப்பூவுக்கும் ஒரு கணம் நாக்கு ஊறியது, ஒரே ஒரு வெள்ளிக்கிழமை, ஒரே ஒரு பாட்டு, அதற்கப்புறம் கொடுத்துவிடலாம்தானே. பின்வரிசையில் ஷெர்லின் பிள்ளையை இறுக்கி அணைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கழியாண்டாம்” என்றாள் ஞானப்பூ. “நீங்க சொல்லுத வரைக்கும் நான் உக்கார மாட்டேன்.”

அவள் நின்றாள். வெயில் ஜன்னலில் ஏறியது. உபவாசம் என்பதால் எல்லோருக்கும் பசி. கடைசியில் தங்கபுஷ்பம்தான் தொண்டையைச் செருமி, “ஆமென். பிள்ளைக்கு ஒரு அம்ம போதும்” என்றாள். அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆமென் வந்தது. நவமணி ஆமென் சொல்லிவிட்டு உட்காராமல், தன் கொழுந்தன் கட்டின மாடி வீடு விஷயமாகத் தான் போன வருஷம் கேட்ட மறைவான விண்ணப்பத்தையும் வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். ஆமென் சொன்னார்கள். ஒருத்தி தன் ஓரகத்தியின் கறவை மாட்டை விடுவித்தாள். இன்னொருத்தி தன்னோடு படித்தவளின் தலைமுடியை. ஐயரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பக்கத்துச் சேகரத்துச் சபைகள் நடத்திய அறுவடைப் பண்டிகையில் மழை கொட்டிப் பந்தல் சரிந்ததே, அதில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்று மெல்லிய குரலில் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் எங்கள் ஊரில் ஒழுகிக்கொண்டிருந்த ஒரு மாடி ஒழுகுவதை நிறுத்தியது, வற்றியிருந்த ஒரு மாடு செம்பு நிறையக் கறந்தது.

ஞானப்பூ நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. குரல் போய்விட்டது, அவளுடைய பழைய குரலும் வரவில்லை. அது எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் பிள்ளை அழுதது. ஞானப்பூ பழக்கத்தில் எழுந்துவிட்டாள், வாசல்வரை போனபிறகுதான் இனித் தன்னால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று ஞாபகம் வந்தது. அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம், “மக்களே” என்று ஒரு குரல் கேட்டது. அப்புறம் சிரிப்பும் அழுகையுமாக, “மக்களே, என் மக்களே, அம்மா இங்க இருக்கேன்” என்று நிற்காமல் கேட்டது. ஞானப்பூ வாசலில் நின்று அடிவயிறு முறுக்கிக்கொள்கிறதா என்று பார்த்தாள். கொஞ்சம் முறுக்கத்தான் செய்தது, இத்தனை நாள் பழக்கம். ஆனால் இந்த முறை அதன் பேர் அவளுக்குத் தெரியும். பொறாமை என்று மனசுக்குள் அதைக் கூப்பிட்டாள். பேர் சொல்லிக் கூப்பிட்டதும் அது கூச்சப்பட்ட விருந்தாளி மாதிரி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

பெரிய வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் ஞானப்பூ தன் வெள்ளைச் சேலையைக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து, ஷெர்லினிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“வேண்டாம் அத்தை. நான் பாட மாட்டேன். ஐயர்ட்டயும் அப்பமே சொல்லியாச்சு” என்றாள் ஷெர்லின்.

ஞானப்பூவால் பேச முடியாது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துச் சேலையின் மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். எடுக்கவே இல்லை. கடைசியில் ஷெர்லின் அழுதுகொண்டே தலையாட்டினாள்.

பாட முடியாதவளுக்குப் பாடகர் குழுவில் என்ன வேலை, அதனால் அவள் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் பின் பெஞ்சை அவள் கண்டதில்லை. சமையலை முடித்துவிட்டு ஓடிவந்து மூச்சு வாங்குகிறவர்களும், ராகம் தெரியாதவர்களும், தாங்கள் பாடினால் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்களே என்று உதட்டை மட்டும் அசைக்கிறவர்களும் அங்கே இருந்தார்கள். ஒருத்தி தன் விசிறியின் காற்றில் பாதியை இவளுக்கும் விட்டாள். ஆறாவது வார்த்தை முடிந்து மின்விசிறிகள் நின்றன, ஷெர்லின் எழுந்து நின்று பாடினாள். அப்போதுதான் ஞானப்பூவுக்கு ஒன்று விளங்கியது, அந்தப் பாட்டை அவள் அதுவரை கேட்டதே இல்லை. பாடியிருக்கிறாள், எங்கே மூச்சு எடுப்பது, எங்கே பிசிறு தட்டும், யார் அழுகிறார்கள் என்று கவனித்துக்கொண்டே பாடியிருக்கிறாள். அது தனக்காக எழுதப்பட்ட பாட்டு என்று தெரியாமலே வருஷா வருஷம் மற்றவர்களுக்குப் பாடியிருக்கிறாள். மடியில் ஷெர்லினின் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. வாயைப் பொத்திக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லாததால் அவள் சத்தமில்லாமல் நன்றாக அழுதாள்.

ஈஸ்டர் அன்று பிள்ளைக்கு ஞானஸ்நானம். ஞானத்தாயாக நிற்கத் தங்கபுஷ்பம் ஞானப்பூவைத்தான் கேட்டிருந்தாள். பிள்ளைக்கு என்னவோ ஜெ-யில் தொடங்குகிற புதுமாதிரிப் பேர் பார்த்து வைத்திருப்பதாகவும் சொல்லியிருந்தாள். ஞானத்தாய்தான் பேரைச் சொல்ல வேண்டும், ஆனால் அவளுக்குப் பேச்சு இல்லையே, அதனால் தாயே சொல்லட்டும் என்று ஐயர் சொல்லிவிட்டார். ஞானப்பூ பிள்ளையை ஐயர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். ஐயர் தொட்டித் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு, பிள்ளையின் பேர் என்ன என்று கேட்டார்.

“ஞானப்பூ” என்றாள் ஷெர்லின், அந்தக் குரலில், கோயில் முழுக்கக் கேட்கும்படி.

“ஏ பிள்ள, வேண்டாம்ட்டி” என்று ஒரு சத்தம் வந்தது. கரகரத்து, ஓரங்களில் பிசிறு தட்டி, கொஞ்சமும் ஆராதனைக்கு ஏற்காத சத்தம். சபை திரும்பிப் பார்த்தது. பொன்னுத்துரை பெஞ்சைவிட்டு எழுந்தேவிட்டார். “அந்தப் பேரு வேண்டாம்ட்டி, பழைய காலத்துப் பேருட்டி அது, பள்ளிக்கூடத்துல பிள்ளைய எல்லாரும் கேலி பண்ணுவாவ, நல்ல பேரா வேற வையி. ஐயரே, நீங்க கொஞ்சம் பொறுங்க, தண்ணிய ஊத்திராதிய” என்று ஞானப்பூ தொட்டியை எட்டிப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். ஐயர் அதற்குள் முதல் கை தண்ணீரை ஊற்றிவிட்டிருந்தார். ஷெர்லின் சிரித்தாள், தங்கபுஷ்பம் சிரித்தாள், பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு பின்னால்வரை போனது. எதற்காக எல்லோரும் தன்னையே பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று விளங்காமல் ஞானப்பூ அந்தப் பிள்ளைக்காக வாதாடிக்கொண்டே இருந்தாள். தனக்குப் பேச்சு வந்துவிட்டது என்பது அவளுக்கே இன்னும் தெரியவில்லை.